செட்டிநாட்டு மரபிடங்களைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் பள்ளியிலோ ஊர்க் கூட்டத்திலோ மரபிடப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போனால், கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. பங்காளிகள் கேட்பது, ஆசிரியர்கள் கேட்பது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கேட்பது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறோம். சட்டம் என்று வரும் இடத்தில் சட்டத்தைச் சொல்லியிருக்கிறோம். மற்றவை எங்கள் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர், அவர்களோடு தொடர்ந்து சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

செட்டிநாட்டு மரபு என்றால் அந்தப் பெரிய வீடுகள்தானே?

வீடுகள் முதலில் கண்ணில் படுகின்றன, அவ்வளவுதான். இந்த வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகமான நகரத்தாருக்குக் கோயில்கள் ஒன்பது இருக்கின்றன: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் குடைவரைகள். திருமயத்தில் இராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை. அதே குன்றில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைக் கோயில்கள். நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் மண்குதிரைகள். இவை போக ஊருக்கு ஊர் ஊரணி, கண்மாய், கோயில்காடு.

இதையெல்லாம் பண்பாடு, இயற்கை என்று இரண்டாகப் பிரிப்பது அலுவலகக் கோப்புக்கு வசதி. இந்த ஊர்களைக் கட்டியவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. ஓட்டில் விழுந்த மழை வளவுக்குள், அதாவது வீட்டின் நடுமுற்றத்துக்குள் இறங்கும். அங்கே அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வீட்டுக்கு அடியில் ஓடும் கால்வாய் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருக் கால்வாயிலிருந்து ஊரணிக்குப் போகும். மழை குறைந்த பூமியில் இத்தனை பெரிய கூரைகளைப் போட்டவர்கள், அந்தக் கூரைத் தண்ணீருக்கும் கணக்கு வைத்திருந்தார்கள். வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு ஊரணியில் சாக்கடையை விட்டால், பாதி வீட்டைத்தான் காப்பாற்றியிருக்கிறோம்.

யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு வந்துவிட்டதாமே?

உத்தேசப் பட்டியலில் வந்தது, 2014இல். இந்திய அரசு "பிற்பாடு பரிந்துரைக்கலாம்" என்று எழுதிக் கொடுக்கும் பட்டியல் அது. உலக மரபிடம் என்ற தகுதி இன்னும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் அந்தத் தகுதி மாமல்லபுரத்துக்கும் தஞ்சை, கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் கோயில்களுக்கும் நீலகிரி மலை ரயிலுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளுக்கும் இருக்கிறது. 2025இல் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் சேர்ந்தது.

அந்தத் தகுதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அந்த நம்பிக்கை குறைவு. பட்டியலில் பெயர் ஏறினால் பேருந்துகள் வரும், விடுதிகள் வரும். மழைக்கு முன் ஓடு மாற்ற யாரும் பாரிசில் உள்ள யுனெஸ்கோ அலுவலகத்திலிருந்து வர மாட்டார்கள்.

அவ்வளவு பணம் போட்டுக் கட்டிய வீடுகள் ஏன் இடிந்து விழுகின்றன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான பெரிய வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940 வரைக்குள் எழுந்தவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் நடந்த காலம். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அந்தப் பணத்தில் வந்து இறங்கின. 1930களின் பொருளாதார மந்தம் அடித்த அடியில் தொழில் தள்ளாடியது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்ததும் அங்கிருந்த சொத்தும் போனது. அதன் பிறகு பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று பிழைப்பைப் பார்த்துப் போனார்கள். வீடு, கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் திறக்கிற வீடாக ஆனது.

அடுத்தது பங்கு. இந்த வீடுகளில் திருமணமான மகன் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை, பின்கட்டில் ஆளுக்கோர் அடுப்பு. நான்கு மகன்கள் இருந்த வீட்டுக்கு நான்காம் தலைமுறையில் நாற்பது பங்காளிகள் இருப்பார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும் என்பதால் பல வீடுகள் பிழைத்திருக்கின்றன. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் பழுது பார்க்க முடியும் என்பதால் பல வீடுகள் விழுந்துகொண்டும் இருக்கின்றன. கூட்டுச் சொத்தின் இரண்டு முகமும் இங்கே ஒரே தெருவில் பார்க்கலாம்.

விழுகிற வரிசை எப்போதும் ஒன்றுதான். குரங்கு ஓடியோ வேப்பங்கிளை முறிந்தோ நான்கு நாட்டு ஓடு நகரும். அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். கூரைச் சட்டமும் கைமரமும் நனைந்து காயாமல் இற்றுப்போகும், கரையான் ஏறும். ஓட்டுக்கு அடியில் சேர்ந்த மண்ணில் பறவை எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைக்கும். வேர் சுவருக்குள் போய்விட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். கூரையின் ஒரு மூலை உட்கார்ந்ததும், "இனி எங்கே சரி செய்வது" என்ற பேச்சு பங்காளிகளுக்குள் வரும். அந்தப் பேச்சு வந்த வீட்டுக்கு மரம் வாங்குகிறவர் ஆளைத் தேடிக்கொண்டு வந்து நிற்பார். தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் ஒரு விலை, காலி மனைக்கு ஒரு விலை. ஆரம்பத்தில் நகர்ந்தவை நான்கு ஓடுகள்.

எங்கள் வீட்டிலும் முப்பது பங்காளிகள், ஊரில் ஒருவரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பங்குப் பேச்சையும் பழுதுப் பேச்சையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள். யாருக்கு எவ்வளவு என்பது முடிய இன்னொரு தலைமுறை ஆகலாம். மழை ஐப்பசியில் வந்துவிடும். பராமரிப்புக்கு மட்டும் புள்ளிக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு தொகை வைத்து, ஒரே வங்கிக் கணக்கில் போடுங்கள். செலவு செய்யும் உரிமையை ஒருவருக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் சித்தப்பாவாக இருந்தாலும் சரி, ஐதராபாத்தில் வேலை பார்க்கும் பேத்தியாக இருந்தாலும் சரி, கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவராக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்று அந்தக் காலத்தில் ஒதுக்கியதால், வீட்டின் மீது பாசம் உள்ள பாதிப் பேர் இந்தக் கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதே இல்லை. அழைத்துப் பாருங்கள்.

முதலாண்டு வேலை சின்னதுதான். ஆனி, ஆடிக்குள் ஓடு மாற்றுவது, செடி பிடுங்குவது, தகரத் தூம்புகளையும் வளவுக் கால்வாயையும் அடைப்பெடுப்பது. மாதம் ஒரு முறை எல்லாக் கதவையும் திறந்து காற்றாட விடுவது. அறை அறையாகப் படம் எடுத்துத் தூண், கதவு, சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுவது. திருட்டுப் போனால் போலீசிடம் காட்ட அந்தப் பட்டியல் ஒன்றுதான் கையில் இருக்கும்.

வீட்டை விடுதியாக மாற்றக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் அப்படிப் பிழைத்த வீடுகள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் குளியலறை எங்கே வருகிறது என்பதை மட்டும் வரைபடத்தோடு பாருங்கள். மச்சில் அறைக்கு அறை குளியலறை வைத்து, கீழே உள்ள தேக்கு உத்தரம் நனைந்து கெடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

சுவர்ப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசினால் உறுதியாக இருக்குமே?

வேண்டாம். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். பிளாஸ்டிக் பெயின்டும் அதே வேலையைச் செய்யும்.

செட்டிநாட்டுப் பூச்சு பல அடுக்கு. புளிக்க வைத்த சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி. மேலடுக்குக்குச் சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நூறாண்டு ஆன சுவரில் இன்னும் முகம் பார்க்கலாம். இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல், நாளும் கூடுதல். முழு வீட்டுக்கும் முடியாவிட்டால் உதிர்ந்த இடத்துக்கு மட்டும் செய்யுங்கள், மற்றதற்குச் சாதாரணச் சுண்ணாம்பு வெள்ளை போதும்.

தரைக்கும் இதேதான். ஆத்தங்குடிக் கல் என்பது கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது. கண்ணாடியிலிருந்து பிரியும்போதே அதற்குப் பளபளப்பு வந்துவிடுகிறது. அப்புறம் ஆள் நடக்க நடக்க மெருகு கூடும். ஆசிட் ஊற்றிக் கழுவினாலோ எந்திரம் வைத்துத் தேய்த்தாலோ வண்ணமே போய்விடும். தண்ணீர்த் துடைப்பும் எப்போதாவது கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும். உடைந்த கல்லுக்கு மாற்று இன்றும் ஆத்தங்குடியில் செய்து வாங்கலாம்.

காரைக்குடியில் பழம்பொருள் வாங்குவது குற்றமா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் எனாமல் சட்டியும் பீங்கான் ஜாடியும் பழைய காலண்டரும் வாங்குவதில் ஒரு குற்றமும் இல்லை. தொல்பொருள் என்று வரும்போதுதான் 1972ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், நாணயம், கலைப்பொருள் போன்றவையும் 75 ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகளும் அதற்குள் வரும். அவற்றை விற்பதற்கு உரிமம் வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. கோயில் விக்கிரகம் மாதிரி எதையாவது மறைவாகக் காட்டினால் விலை கேட்காமல் வெளியே வந்து சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.

தூண், நிலை, கதவு விஷயத்தில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. விழுந்த வீட்டுத் தூண் விறகாகப் போவதைவிடச் சென்னையில் ஓர் உணவகத்தில் நிற்பது மேல் என்கிறது ஒரு கட்சி. அந்த உணவகத்துக்கு ஆர்டர் வந்ததால்தான் வீடே பிரிக்கப்பட்டது என்கிறது இன்னொன்று. இதை எழுதுகிறவர் இரண்டாவது கட்சி. வாங்குகிறவர் "எந்த ஊர், எந்த வீடு, எப்போது பிரித்தது" என்று கேட்கும் பழக்கம் வந்தாலே கடைக்காரர் அடுத்த தடவை யோசிப்பார்.

அஸ்திவாரம் தோண்டும்போது பானையோ காசோ கிடைத்தால்?

தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பத்து ரூபாய் என்பது அன்றைய பத்து ரூபாய். சட்டத்தில் மாற்றவே இல்லை. முதுமக்கள் தாழி கிடைத்தால் கழுவாதீர்கள், உள்ளிருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். தொல்லியலாளருக்கு அந்த மண்ணும் சான்றுதான். இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடி, தென்னந்தோப்புக்குள்தான் கிடந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கிறது. கல்வெட்டு மேலேயே பெயின்ட் அடிக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

முதலில் திருப்பணிக் குழுவிடம், சண்டையாக இல்லாமல். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. கும்பாபிஷேகத்துக்குக் கோயில் புதுசாகத் தெரிய வேண்டும் என்ற ஆசைதான். மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைச் சுத்தம் செய்வது, அதிட்டானத்தில் (கோயிலின் அடித்தளத்தில்) பளிங்குப் பலகை ஒட்டுவது, எழுத்து உள்ள சுவரில் மின்பெட்டி மாட்டுவது, இந்த மூன்றும் உடனே நிறுத்த வேண்டியவை. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டு வாக்கில் வெட்டிய இசைக் கல்வெட்டு இன்றும் படிக்க முடிகிறதென்றால், அந்தப் பாறையில் யாரும் மணல் பீய்ச்சவில்லை என்பது ஒரு காரணம்.

கேட்காவிட்டால், அறநிலையத்துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடமும், நகரத்தார் நிர்வாகமென்றால் அறங்காவலர்களிடமும், கூடவே மாநிலத் தொல்லியல் துறைக்கும் படத்தோடு எழுத்தில் கொடுங்கள். வாய்ப் புகார் காற்றோடு போய்விடும்.

திருமயம் கோட்டைச் சுவரில் பெயர் எழுதினால் என்ன செய்வார்கள்?

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காதலி பெயரோ தலைவர் பெயரோ, சட்டத்துக்கு வித்தியாசம் இல்லை. அப்படிப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும்.

ஊரணியைச் சுற்றிச் சிமெண்ட் நடைபாதை போட்டு அழகுபடுத்தினால் நல்லதுதானே?

ஊரணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரை அழகாக, தண்ணீர் வர வழியே இல்லாத ஊரணிகள் எத்தனையோ. வரத்துக்காலை மறித்து யாராவது கட்டியிருந்தால், குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. சர்வே எண்ணோடு மனுக் கொடுக்கலாம். கண்மாய்க்குள் சீமைக் கருவேலத்தை வெட்டும்போது பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்து, வனத்துறையிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வேட்டங்குடிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்களாமே, உண்மையா?

உண்மைதான். திருப்பத்தூர்–மதுரை சாலைப் பக்கம் வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலம் தொடங்கினால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, வக்கா, வெள்ளை அரிவாள்மூக்கன் என்று கண்மாய்க்குள் உள்ள மரமெல்லாம் நிறையும். தீபாவளியும் அதே பருவத்தில் வருகிறது. கூட்டில் குஞ்சு இருக்கும் நேரத்தில் வெடிச் சத்தம் வேண்டாம் என்று ஊரே முடிவெடுத்து, அது பழக்கமாகிப்போனது. வனத்துறை அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்புக் கொடுத்து மரியாதை செய்கிறது.

விழிப்புணர்வுக் கூட்டங்களில் இந்த ஊரைத்தான் முதலில் சொல்கிறோம். அங்கே பதாகை பிடித்து யாரும் ஊர்வலம் போகவில்லை. பட்டாசு கேட்டு அழுகிற பிள்ளைக்கு அப்பத்தாவே காரணம் சொல்லிவிடுகிறார், பிள்ளையும் கேட்டுக்கொள்கிறது. பார்க்கப் போகிறவர்கள் ஒலிப்பானை அடிக்காமல், டிரோன் பறக்க விடாமல், கரையிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.

பொதுமக்கள் சொன்னால் அரசாங்கம் கேட்குமா?

பக்கத்து மேலூரைப் பாருங்கள். அரிட்டாபட்டியில் தமிழ்பிராமிக் கல்வெட்டு, சமணப் படுகை, பாண்டியர் குடைவரை, சுனைகள், வல்லூறுகள் எல்லாம் ஒரே மலைத்தொடரில் இருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசின் ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்று வட்டார ஊர்களில் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள், கடையடைத்தார்கள், மதுரைக்கு நடந்தே போனார்கள். சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊரணி, கோயில்காடு, அய்யனார் குதிரைகள் பற்றி அதில் ஒரு தீர்மானம் எழுதி வைத்துக்கொள்வது நெருக்கடி வருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

பள்ளியில் மரபு வாரம் கொண்டாடச் சொல்லி சுற்றறிக்கை வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

கட்டுரைப் போட்டி மட்டும் வேண்டாம். பிள்ளைகள் இணையத்திலிருந்து எடுத்து எழுதிவிடுவார்கள்.

உலக மரபு நாள் ஏப்ரல் 18, வெயிலும் பரீட்சையும் சேர்ந்த நேரம். மரபு வாரம் நவம்பர் 19 முதல் 25 வரை; இங்கே அடைமழை. அதுதான் நல்லது. குடையோடு கூட்டிக்கொண்டு போய், பள்ளித் தெருவில் விழும் தண்ணீர் எந்த ஊரணிக்குப் போகிறது, எங்கே தடைப்படுகிறது என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஆக்கிரமிப்பைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் பிரச்சினை ஆசிரியருக்கு. பெரிய பிள்ளைகளென்றால் ஓர் ஆச்சியிடம் போய் அந்த வீட்டில் ஒவ்வோர் அறையிலும் என்ன நடந்தது என்று கேட்டு எழுதச் சொல்லலாம்.

பூட்டியிருக்கும் வீட்டுக்குள் போய்ப் பார்க்கலாமா?

காவலாளியிடம் கேட்டு, அவர் சரி என்றால் போகலாம். சாமி அறைக்குள் நுழையாதீர்கள். கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் தூணில் ஆணி அடிக்காதீர்கள்.

பரணில் பழைய கணக்குப் புத்தகம், கடிதம், ஏடு எல்லாம் கிடக்கிறது. எடைக்குப் போடலாமா?

போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிய அச்சுத் தாள்களைக்கூடச் சேர்த்து வைத்தார்: புத்தகம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிற யாரும் அங்கே போகாமல் முடியாது. உங்கள் பரணில் உள்ள ரங்கூன் வட்டிக்கடைப் பேரேடும் அந்த வகைதான். லேமினேட் செய்யாமல், பருத்தித் துணியில் கட்டி, வசம்பு போட்டு, ஒழுகாத அறையில் வைத்துவிட்டு நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

எல்லாம் சரி, ஓடு மாற்ற ஆளே கிடைக்கவில்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் உண்மையிலேயே வேலையைத் தொடங்கியவர்கள். ஆள் குறைவுதான். நாட்டு ஓட்டின் மேல் உடைக்காமல் நடக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது, அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஒரே தெருவில் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, சித்திரையிலேயே முன்பணம் கொடுத்து, ஒரே குழுவைத் தொடர்ந்து ஒரு மாதத்துக்குப் பேசிக்கொண்டால் அவர்களும் வருவார்கள். பேசும்போது, கூட ஓர் இளவட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவனுக்குக் கூலி வீட்டுக்காரர்கள் தருவோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பிரித்த நல்ல ஓட்டை விற்றுவிடாமல் கொல்லையில் அடுக்கி வையுங்கள், அந்த அளவில் புது ஓடு கிடைப்பது கடினம்.